எடுத்து வரச் சொன்னது நான்

ஹனீபா திருடவில்லை. அந்த எஃகுத் துண்டை எடுத்து வரச் சொன்னது நான். கம்பெனி மேனேஜரின் அறையில் அவன் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றபோது, அதைச் சொல்ல ஒரு வாக்கியம் போதும். நான் சொல்லவில்லை.

தாம்பரம் தொழிற்பள்ளியைப் பற்றி இந்தப் பத்திரிகையில் எழுத ஆரம்பித்ததிலிருந்து வாசகர்கள் பாராட்டி எழுதுகிறார்கள். பள்ளியையும் தொழிற்சாலையையும் அந்தக் காலத்திலேயே இணைத்த முன்னோடி என்று ஒருவர் எழுதியிருக்கிறார். இணைத்தேன், உண்மைதான். அந்த இணைப்பு அறுந்துவிடக் கூடாது என்பதற்காக ஒரு மாணவனைக் கைவிட்டேன். அதை எழுதாமல் அடுத்த பாராட்டை வாங்கிக்கொள்ள எனக்கு மனமில்லை.

அறுபதுகளின் கடைசி வருடங்களில் ஒன்று. மழை விட்டிருந்த ஒரு சாயங்காலம், குரோம்பேட்டைப் பக்கம் இருந்த கம்பெனியிலிருந்து பள்ளிக்குப் போன் வந்தது. "உங்க பையன் ஒருத்தனைக் கேட்ல பிடிச்சு வெச்சிருக்கோம் சார். உடனே வாங்க" என்றார்கள். தாம்பரத்தில் மின்சார ரயில் ஏறினேன். குரோம்பேட்டையில் இறங்கி, தேங்கிய தண்ணீரில் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு நடந்தேன்.

மேனேஜர் ராகவனின் மேசைமேல் ஒரு டிபன் பாக்ஸ் திறந்து கிடந்தது. அறை முழுக்க மீன் குழம்பு வாசனை. பக்கத்தில், ஒரு பழைய பேப்பரின்மேல், சுண்டுவிரல் நீளத்தில் ஒரு எஃகுத் துண்டு. சுவரோரமாக ஹனீபா நின்றான். எங்கள் பள்ளியில் லேத் வேலை படிக்கும் இரண்டாம் வருட டர்னர் மாணவன்.

நான் வாசலில் தெரிந்ததும் அவன் முகம் தெளிந்தது. "சார் வந்துட்டாரு. சாரையே கேளுங்க சார்" என்று மேனேஜரிடம் சொன்னான்.

அந்தத் தெளிந்த முகத்தைத்தான் என்னால் இத்தனை வருடங்களாகத் தாண்டிப் போக முடியவில்லை. ஆனால் ஒரு சிறு எஃகுத் துண்டு எப்படி அவ்வளவு பெரிய விஷயமானது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

கூரையில் ஓடிய பெல்ட்

எங்கள் பள்ளியை ஒரு கிறிஸ்தவ சபை நடத்தியது. இரும்பு கடையும் லேத்துகள் எல்லாம் இரண்டாம் உலக யுத்தம் முடிந்தபின் ராணுவம் ஏலம் விட்டவை. எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே மோட்டார். கூரையை ஒட்டி ஒரு நீளமான இரும்புத் தண்டு சுழலும். அதிலிருந்து ஒவ்வொரு லேத்துக்கும் ஒரு தோல் பெல்ட் இறங்கும். பெல்ட் அடிக்கடி கழன்று விழும். "டேய், தலை! தலை!" என்று யாராவது கத்துவார்கள், வகுப்பே குனியும். எங்கள் பையன்கள் லேத்தைக் கற்றார்களோ இல்லையோ, குனியக் கற்றுக்கொண்டார்கள்.

பல்லாவரம், கீழ்க்கட்டளை, பெருங்களத்தூர், பொத்தேரி என்று பல இடங்களிலிருந்தும் சைக்கிளிலும் ரயிலிலும் வருவார்கள். ஒரு லேத்தைச் சுற்றி ஒரு கூட்டம் நிற்கும். ஒருவன் ஓட்டுவான், மற்றவர்கள் அவன் தோளுக்குமேல் எட்டிப் பார்ப்பார்கள். நான் பொறியியல் பட்டம் வாங்கியவன். நல்ல வேலையை விட்டுவிட்டு இந்தப் பள்ளிக்குத் தலைமை ஏற்று வந்திருந்தேன். எட்டிப் பார்த்தே ஒருவன் டர்னர் ஆக முடியாது என்பது எனக்குத் தெரியும்.

ராகவன் முதல்முறை பள்ளியைப் பார்க்க வந்தபோது, சொல்லி வைத்ததுபோல் அவர் முன்னாலேயே பெல்ட் விழுந்தது.

"என்ன சார் இது, மியூசியமா?" என்றார்.

"மியூசியத்துல டிக்கெட் குடுப்பாங்க சார். நாங்க சர்ட்டிபிகேட் குடுக்கறோம்" என்றேன்.

அவர் விழுந்து விழுந்து சிரித்தார். அந்தச் சிரிப்பில்தான் ஒப்பந்தம் பிறந்தது. லாரி ஸ்பிரிங்கில் மாட்டும் புஷ் என்கிற இரும்பு வளையம் செய்கிற கம்பெனி அது. எங்கள் இரண்டாம் வருட டர்னர் மாணவர்கள் பாதி வாரம் அங்கே போய் வேலை பழகுவார்கள். பதிலுக்குக் கம்பெனி எங்களுக்குத் தனி மோட்டார் வைத்த புது லேத்துகள் தரும். படிப்பு முடிந்ததும் பையன்களை வேலைக்கு எடுக்கப் பார்க்கும். வருடா வருடம் புதுப்பிக்க வேண்டும்.

இன்றைக்கும் உறுதியாகச் சொல்வேன், அது நல்ல ஏற்பாடு. தொழிற்சாலையின் வாசலை மிதிக்காத தொழிற்பள்ளி, தண்ணீரில் இறங்காமல் நீச்சல் சொல்லித் தருகிற இடம். கம்பெனிக்குப் போன முதல் மாதத்திலேயே பையன்களின் நடை மாறியது. சங்கு ஊதுவதற்கு முன் கேட்டில் நின்றார்கள். நகம் வெட்டினார்கள். அளவு தப்பினால் ஏன் தப்பியது என்று அங்கே சரிபார்க்கும் இன்ஸ்பெக்டரிடம் பதில் சொல்ல வேண்டியிருந்தது. வகுப்பில் வாயே திறக்காதவர்கள் அங்கே பேசினார்கள். கீழ்க்கட்டளையிலிருந்து ஒரு தகப்பனார் வந்து என்னிடம் முறையிட்டார்: "வூட்ல கூட மணி பாத்துதான் சோறு கேக்கறான் சார். அவங்கம்மாவ அதட்டறான், லேட்டுன்னு."

ஹேண்டில் வேலை

குறை ஒன்று இருந்தது. அதை நான் முதல் வருடமே பார்த்தேன்.

லேத்தில் சுழலும் இரும்பைச் சீவுவது டூல் என்கிற சிறு எஃகுத் துண்டு. அதன் முனையைச் சாணைக் கல்லில் சரியான கோணத்தில் தீட்ட வேண்டும். தீட்டும்போது சூடேறி நீலம் பாய்ந்தால் முனையின் பதம் போச்சு. தன் டூலைத் தானே தீட்டத் தெரிந்தவனைத்தான் டர்னர் என்று சொல்வோம். ஆனால் அந்தக் கம்பெனியில் டூலைத் தீட்டிப் பொருத்துவதற்குத் தனி ஆள் உண்டு. அவருக்குப் பெயர் செட்டர். அவர் பொருத்திவிட்டுப் போனபின், எங்கள் பையன்கள் ஹேண்டிலை இழுக்க வேண்டும், விட வேண்டும். புஷ் விழும். மறுபடி இழுக்க வேண்டும்.

பையன்களே கேலி செய்வார்கள். "மச்சான், இது கெணத்துல தண்ணி எறைக்கிற மாதிரிதான்டா. இழு, வுடு, இழு, வுடு" என்பான் ஒருவன். "கெணத்துல தண்ணியாவது வரும்டா" என்பான் இன்னொருவன்.

கேலியோடு விடாமல் என்னிடமே வந்து கேட்டவன் ஹனீபா ஒருவன்தான். நாகல்கேணிப் பையன். அவனுடைய தகப்பனார் காசிம் பாய், தோல் பதனிடும் ஷெட் ஒன்றில் மேஸ்திரி. மகன் தோல் தொட்டியில் இறங்கக் கூடாது என்று பிடிவாதமாகப் பள்ளியில் சேர்த்திருந்தார். ஹனீபா ஒல்லியாக இருப்பான். ஒரு கேள்வி கேட்டால், பதில் வரும்வரை அந்த இடத்தை விட்டு நகர மாட்டான்.

ஒருநாள் குழாயடியில் கை கழுவிக்கொண்டிருந்தேன். பக்கத்தில் வந்து நின்றான்.

"சார், டூல் கிரைண்டிங் எப்போ சார்?"

"கம்பெனியில கவனிச்சுப் பாருடா."

"செட்டர் அண்ணன் கிட்டயே வுட மாட்டேன்றாரு சார். இன்னாடா பாத்துகினு கீற, போய் ஹேண்டில புடின்றாரு."

"சரி, சாயங்காலம் இங்க வந்து பழகு."

"இங்க டூல் ஏது சார்? பர்ஸ்ட் இயர் பசங்களுக்கே பத்தல."

சோப்பு நுரையைக் கழுவிக்கொண்டே சொன்னேன்: "தேஞ்ச துண்டு ஏதாவது கண்ணுல பட்டா எடுத்துட்டு வா. நான் சொல்லித் தரேன்."

அவ்வளவுதான். தோளில் கிடந்த துண்டில் கையைத் துடைத்துக்கொண்டு போய்விட்டேன்.

பட்டறைகளில் ஒரு வழக்கம் உண்டு. தீட்டித் தீட்டித் தேய்ந்து, இனி லேத்தில் மாட்ட முடியாது என்றான டூல் துண்டு, கற்றுக்கொள்ள வந்தவனுக்குச் சொந்தம். யாரும் கேட்க மாட்டார்கள். நானே அப்படிக் கிடைத்த துண்டுகளில்தான் விரல் சுட்டுக்கொண்டு பழகினேன். அந்தப் பழக்கத்தில் சொன்ன பேச்சு அது.

ஆனால் அந்தக் கம்பெனியில் வழக்கம் வேறு. டூல் எஃகு அப்போது வெளிநாட்டிலிருந்து, லைசென்ஸ் வாங்கி, காத்திருந்து வரவழைக்கும் பொருள். தேய்ந்த துண்டை ஸ்டோரில் கொண்டுபோய் வைத்தால்தான் புது டூல் தருவார்கள். ராகவன் என்னை ஸ்டோருக்கே கூட்டிப்போய், இந்த ஏற்பாட்டைப் பெருமையாகக் காட்டியிருந்தார். குழாயடியில் அது என் ஞாபகத்துக்கு வரவில்லை. இதை ஒரு சாக்காகச் சொல்லவில்லை. ராகவனின் அறைக்குள் நுழைந்து அந்த மேசையைப் பார்த்த நொடியில் எல்லாம் ஞாபகம் வந்துவிட்டது.

நடந்தது இதுதான். செட்டர் கழற்றி வைத்த தேய்ந்த டூலை ஹனீபா டிபன் பாக்ஸில் போட்டுக்கொண்டான். செட்டர் புது டூல் கேட்கப் போனபோது துண்டைக் காணோம், ஸ்டோரில் கைவிரித்தார்கள். செட்டர் சத்தம் போட்டார். ஷிப்ட் முடிந்து போகிறவர்களின் பாத்திரங்களைக் கேட்டில் திறந்து பார்த்தார்கள்.

இரண்டாவது வாக்கியம்

ராகவன் கத்தவில்லை. அவர் கத்துகிற ஆளும் இல்லை.

"எங்க ஆளு எடுத்திருந்தா இன்னிக்கே சீட்டைக் கிழிச்சிருப்பேன் சார். இவன் உங்க பையன். அதான் உங்களைக் கூப்பிட்டேன். நீங்களே சொல்லுங்க, என்ன பண்ணலாம்?"

அந்த வாரம்தான் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்க வேண்டிய வாரம். அடுத்த வருடத்துக்கு, இரும்பைச் செதுக்கி வடிவம் கொடுக்கும் ஒரு மில்லிங் மெஷின் தருவதாகப் பேச்சு நடந்துகொண்டிருந்தது. அந்த வட்டாரத்தில் எந்தப் பள்ளியிலும் மில்லிங் மெஷின் கிடையாது. நிர்வாகக் குழுவில் நான் அதை ஏற்கெனவே அறிவித்தும் விட்டிருந்தேன். 'நான்தான் எடுத்துவரச் சொன்னேன்' என்றால், கம்பெனிப் பொருளை எடுக்கப் பள்ளித் தலைவரே தூண்டினார் என்றாகும். ஒப்பந்தம் போகும், மெஷின் போகும், மற்றப் பையன்களின் வேலை போகும் என்று மனம் மளமளவென்று அடுக்கியது.

"சார்..." என்றான் ஹனீபா.

"இது பெரிய தப்பு, பள்ளி விதிப்படி நடவடிக்கை எடுப்போம்" என்றேன்.

அவன் என்னையே பார்த்தான். நான் இன்னும் பேசி முடிக்கவில்லை என்று நினைத்திருக்க வேண்டும். இரண்டாவது வாக்கியத்துக்காகக் காத்திருந்தான். அது வராது என்று புரிந்ததும், மேசையருகே வந்து டிபன் பாக்ஸை எடுத்தான். மூடி சரியாகப் பொருந்தவில்லை. திருப்பித் திருப்பிப் பார்த்தான். நாங்கள் இரண்டு பேரும் அவன் அதை மூடும்வரை பார்த்துக்கொண்டிருந்தோம்.

வெளியே வந்ததும், "நாளைக்கு அத்தாவைக் கூட்டிட்டு வா" என்றேன். தலையை ஆட்டிவிட்டு நாகல்கேணிப் பக்கம் நடந்தான்.

ஒரு பையனைக் காப்பாற்றப் போய்ப் பத்துப் பையன்களைக் கெடுப்பதா என்று ரயிலில் எனக்கு நானே நியாயம் சொல்லிக்கொண்டேன். பாதி உண்மை. மீதிப் பாதி என்னுடைய பெயர். அந்த ஒப்பந்தத்தைக் கொண்டுவந்தவன் என்று சபையில் எல்லோரும் என்னைப் பார்க்கிற பார்வை எனக்குப் பிடித்திருந்தது.

காசிம் பாய் கேட்ட மன்னிப்பு

மறுநாள் காலையில் காசிம் பாய் வந்தார். வேலைக்குப் போகிற வழியில் வந்திருந்தார். தோல் பதனிடும் ஆவாரம்பட்டைச் சாறு ஊறி முழங்கைவரை பழுப்பேறிய கைகள். வெளுத்த சட்டையைக் கழுத்துவரை பொத்தான் போட்டிருந்தார். மகன் பின்னால், வராந்தா தூணருகே நின்றான். அவன் இடது கன்னம் வீங்கியிருந்தது.

"உட்காருங்க பாய்."

"வேணாம் சார். எம்புள்ள எடுத்தானா இல்லியா, அது மட்டும் சொல்லுங்க."

"எடுத்தது உண்மைதான் பாய்."

பொய் சொல்லாமலே பொய் சொல்வது எப்படி என்று படித்தவனுக்குத் தெரியும்.

அவர் திரும்பித் தூணருகே நின்ற மகனைப் பார்த்தார். பிறகு சொன்னார்: "நீங்கதான் எடுத்தாரச் சொன்னீங்கன்னு சாதிக்கிறான் சார். வுட்டேன் ரெண்டு அறை. திருடனதும் இல்லாம, வாத்தியார் மேலயே பழி போடறியாடான்னு கேட்டேன். நீங்க மனசுல ஒண்ணும் வெச்சுக்காதீங்க. அவன் பேசனதுக்கு நான் மன்னிப்புக் கேட்டுக்கறேன்."

கை கூப்பினார்.

"பரவாயில்ல பாய்" என்றேன்.

நான் செய்ததில் ஆகக் கீழானது எது என்று கேட்டால், மேனேஜர் அறையில் வாயை மூடிக்கொண்டதைச் சொல்ல மாட்டேன். அங்கே பயம் இருந்தது. இங்கே பயப்பட ஒன்றுமில்லை. அறையில் நாங்கள் இருவர்தான். ஒரு தகப்பன், பொய் சொல்லாத தன் மகனுக்காக என்னிடம் மன்னிப்புக் கேட்டார். நான் மன்னித்தேன்.

ஹனீபாவின் பெயரை நீக்கினோம். அவன் அப்பாவோடு தோல் ஷெட்டுக்குப் போனான். ஒப்பந்தம் புதுப்பிக்கப்பட்டது. மில்லிங் மெஷின் வந்தபோது ரிப்பன் கட்டி, பாஸ்டர் ஜெபம் செய்தார். நான் எல்லோரையும்விடச் சத்தமாக ஆமென் சொன்னேன்.

சீட்டு ஒன்று போதுமாம்

சில வருடங்கள் போயின. எழுபதுகளின் நடுவில் லாரிக் கம்பெனிகளின் ஆர்டர் குறைந்தது. எங்கள் பையன்களைக் கம்பெனி முன்போல் எடுக்க முடியவில்லை. அவர்கள் வெளிப் பட்டறைகளுக்கு வேலை கேட்டுப் போனார்கள்.

தாவீது என்று ஒரு மாணவன். அவன் அம்மா ஆரம்பப் பள்ளி ஆசிரியை. நல்ல மதிப்பெண்ணோடு முடித்தவன். ஒருநாள் என் அறைக்கு வந்து, உட்காரச் சொன்னாலும் உட்காராமல் நின்றான்.

"டெஸ்ட்டுக்குப் போனேன் சார். தீட்டாத டூல் ஒண்ணைக் கையில குடுத்து, இதைத் தீட்டி மாட்டி ஓட்டுன்னாங்க. எங்க கம்பெனியில செட்டர் பண்ணிக் குடுப்பாரு சார்ன்னேன்."

"அப்புறம்?"

"ஓகோ, தம்பிக்கு மணமேடையில தாலி கட்ட மட்டும்தான் தெரியும், பொண்ணு பாக்கறதெல்லாம் செட்டரான்னு கேட்டாங்க சார். எல்லாரும் சிரிச்சாங்க."

சொல்லிவிட்டு அவனும் சிரிக்கப் பார்த்தான். முடியவில்லை.

இரண்டு வருடம் என்னிடம் படித்தவன். அவனுக்குக் கிடைக்காமல் போனது என்னவென்று எனக்கு முன்பே தெரியும். குழாயடியில் ஒருவன் வந்து கேட்டிருக்கிறான். கேட்டவனை வெளியே அனுப்பிவிட்டு, கேட்காதவர்களுக்குச் சான்றிதழ் கொடுத்திருக்கிறேன்.

அந்த வாரமே ராகவனிடம் போனேன். தேய்ந்த டூல் துண்டுகள் பள்ளிக்கு வேண்டும், வாரத்தில் ஒருநாள் ஒவ்வொரு பையனும் செட்டரோடு நிற்க வேண்டும், இரண்டும் இல்லையென்றால் பையன்களைத் திரும்ப அழைத்துக்கொள்கிறேன் என்றேன். அதோடு ஹனீபா விஷயத்தையும் சொன்னேன்.

ராகவன் கண்ணாடியைக் கழற்றினார். "நீங்க சொல்லித்தான் எடுத்தானா? அன்னிக்கே சொல்லியிருக்கலாமே சார்! ஸ்டோருக்கு ஒரு சீட்டு எழுதித் தந்திருப்பேன். ஒரு துண்டு எஃகு. இதுக்குப் போயா இவ்வளவு பேஜார்?"

"ஒப்பந்தம் போயிடும்னு நெனச்சேன். மெஷின்..."

"மெஷினுக்கும் இதுக்கும் என்ன சார் சம்பந்தம்?" என்றார். நிஜமாகவே அவருக்குப் புரியவில்லை.

யாரும் கேட்காத விலைக்கு நான் ஒரு பையனை விற்றிருக்கிறேன்.

அடுத்த மாதத்திலிருந்து துண்டுகள் ஒரு டப்பாவில் வந்தன. செட்டர் முணுமுணுத்துக்கொண்டே சொல்லிக்கொடுத்தார். பிறகு அவருக்கே அதில் ஒரு பெருமை வந்துவிட்டது. சாயங்காலங்களில் எங்கள் சாணைக் கல்லில் பொறி பறந்தது. தாவீது மூன்று வாரம் விரல்களில் கொப்புளத்தோடு திரிந்தான். பிறகு அம்பத்தூரில் வேலைக்குச் சேர்ந்தான். பள்ளியும் கம்பெனியும் கைகோர்க்கும்போது, பையன் என்ன செய்து தருவான் என்பதற்கு முன்னால் அவன் என்ன கற்றுக்கொள்வான் என்பதைப் பேசி முடிக்க வேண்டும். இதை அதற்குப் பிறகு எந்த மேடையிலும் தயங்காமல் சொல்லியிருக்கிறேன். அந்தத் தெளிவு எப்படி வந்தது என்பதை மட்டும் எந்த மேடையிலும் சொன்னதில்லை.

தொழுகை முடிந்தபின்

ராகவனிடம் சொன்ன பிறகு நாகல்கேணிக்குப் போனேன். காசிம் பாய் ஷெட் வாசலில், உலரப் போட்ட தோல்களைப் புரட்டிக்கொண்டிருந்தார். தாடி வெளுத்திருந்தது. ஹனீபா அங்கே இல்லை. லாரியோடு துறைமுகம் போயிருந்தான். நான் நின்றபடியே சொன்னேன். சுற்றி வளைக்கவில்லை.

கேட்டுவிட்டு அவர் தோலைக் கீழே வைத்தார்.

"அப்போ அவன் பொய் சொல்லல."

"இல்ல பாய்."

"நான் அடிச்சேனே சார்."

கீழே வைத்த தோலையே பார்த்தார்.

"உங்ககிட்ட வந்து மன்னிப்புக் கேட்டேன். பரவாயில்லன்னீங்க."

"ஆமா பாய்."

அவர் ஓரடி முன்னால் வந்தார். அடிப்பார் என்று நினைத்தேன். அடித்திருந்தால் தேவலை என்றும் நினைத்தேன்.

"எங்கிட்ட மட்டும் சொல்லிட்டு ரயில் ஏறிடலாம்னு வந்தீங்களா? பள்ளிவாசல்ல கேட்டவங்ககிட்ட எல்லாம் என் வாயாலயே சொன்னேன் சார், எம்புள்ள கை சுத்தம் இல்லன்னு. இந்த ஷெட்ல தோல் எண்ணற வேலைய மட்டும் இன்னிவரைக்கும் அவங்கிட்ட குடுக்கல. பெத்த அப்பன் நானே குடுக்கல. பொண்ணு குடுக்க வந்தவங்க விசாரிச்சிட்டுத் திரும்பிப் போனாங்க. வெள்ளிக்கிழமை வாங்க. அங்க சொல்லுங்க."

வெள்ளிக்கிழமை மதியம் பல்லாவரம் பள்ளிவாசலுக்குப் போனேன். தொழுகை முடிந்து ஆட்கள் வெளியே வந்து செருப்புத் தேடிக்கொண்டிருந்தார்கள். காசிம் பாய் தெருவோரமாக, "கொஞ்சம் நில்லுங்க, இந்த சார் ஒரு விஷயம் சொல்லணும்னு வந்திருக்கார்" என்றார். நின்றார்கள். மெஷின் சத்தத்தை மீறிப் பேசிப் பழகிய குரல் எனக்கு. அன்று அது பாதிதான் வந்தது. ஆனாலும் எல்லாவற்றையும் சொன்னேன். குழாயடியில் சொன்னதை, மேனேஜர் அறையில் சொல்லாததை, பரவாயில்லை என்றதை.

"இவ்ளோ வருஷமா இன்னா சார் பண்ணினு இருந்தீங்க?" என்று ஒரு வாலிபன் கேட்டான்.

"வாயை மூடிக்கிட்டு இருந்தேன்" என்றேன்.

"பரவால்ல, படிச்சவரு, நம்ம எடத்துக்கே வந்து சொல்றாரு" என்றார் ஒரு பெரியவர்.

"படிச்சவருன்றதாலதான் இவ்ளோ லேட்டு" என்றது பின்னாலிருந்து ஒரு குரல். சிலர் சிரித்தார்கள். சிலர் தலையை ஆட்டிக்கொண்டு போனார்கள்.

கூட்டம் கலைந்தபின்தான் ஹனீபாவைப் பார்த்தேன். எதிரே மூடியிருந்த கடையின் படியில் நின்றிருந்தான். அப்பாவைப்போலவே முழங்கைவரை பழுப்பேறிய கைகள். இறங்கி வந்தான்.

"அத்தாகிட்ட சொன்னீங்க. கம்பெனில சொன்னீங்களாம். இதோ இத்தனை பேர்கிட்ட சொன்னீங்க. எங்கிட்ட இன்னும் சொல்லலியே சார்."

அவன் சொன்னது சரி. மற்ற எல்லோரிடமும் சொல்வது எனக்குச் சுலபமாக இருந்திருக்கிறது.

"ஹனீபா, எடுத்துட்டு வரச் சொன்னது நான். அன்னிக்கு நான் சொல்லியிருந்தா நீ இன்னிக்கு டர்னர். சொல்லல. தப்பு முழுக்க என்னுது."

"ஏன் சார் சொல்லல?"

"மெஷின் கிடைக்காம போயிடும்னு பயந்தேன்."

"அப்படித்தான் இருக்கும்னு நெனச்சேன்" என்றான். குரலில் கோபம் இல்லை. வெகுநாள் முன்பே கணக்குப் போட்டு விடை தெரிந்து வைத்திருந்தவனைப்போல் இருந்தது.

பள்ளிக்குத் திரும்ப வரச் சொன்னேன். தனித் தேர்வராக எழுத ஏற்பாடு செய்கிறேன், டூல் தீட்டுவதை நானே உடனிருந்து சொல்லித்தருகிறேன் என்றேன்.

"இப்போவா சார்?" அவன் தன் கைகளைப் பார்த்தான். "அத்தாவால இனிமே தொட்டில எறங்க முடியாது. தம்பிங்க ரெண்டு பேர் படிக்கிறானுங்க. வேணாம் சார். எனக்கு இந்த வேலை வந்துடுச்சி."

காசிம் பாய் அருகில் வந்தார். "வாடா, சாப்பிடப் போலாம்" என்றார். தெருவில் இன்னும் பத்துப் பதினைந்து பேர் நின்றிருந்தார்கள். அவர்கள் பார்க்க, மகனின் தோள்மேல் கைபோட்டு நடந்தார். ஹனீபா அப்பாவைவிட உயரம்; தோள் எட்டுவதற்காகக் கொஞ்சம் சாய்ந்து நடந்தான். என்னைச் சாப்பிடக் கூப்பிடவில்லை. கூப்பிட வேண்டிய அவசியமும் இல்லை.

தோல் எண்ணுகிற பொறுப்பு அடுத்த வாரமே அவன் கைக்கு வந்தது என்று ஒரு மாணவன் மூலம் தெரிந்தது. பிறகு அவனுக்குக் கல்யாணம் நடந்ததும் அப்படித்தான் தெரிந்தது.

நான் ஓய்வு பெறும்வரை பல்லாவரம் ஸ்டேஷனில் அவனை எப்போதாவது பார்ப்பேன். சில நாள் கையை நெற்றிக்குக் கொண்டுபோய் "சலாம் சார்" என்பான். சில நாள் பேசாமல் கடந்து போவான். அப்படிப் போகிற நாட்களில், கூட்டத்தில் அவன் என்னைக் கவனித்திருக்க மாட்டான் என்று நான் சமாதானம் சொல்லிக்கொண்டதில்லை.